டவர் வேண்டாம், டவர் இல்லை

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திருவண்ணாமலையில் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் ஆட்சியருக்கு எழுதிய மனு, மனுவுக்கு அடியில் நாற்பது ஐம்பது கையெழுத்து. மூன்றாவது வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் வரப்போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பது விஷயம். "தம்பி, நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க. நம்ம பேரப்புள்ளைங்க உடம்பு விஷயம்" என்றார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் வந்தது. பெங்களூரில் இருக்கும் மகள். இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்றவர், "இரும்மா, உள்ள டவர் இல்ல, வெளிய வந்து பேசறேன்" என்று செருப்பைக்கூட மாட்டாமல் தெரு நடுவில் போய் வெயிலில் நின்றார்.

அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஊருக்கு நல்லது என்று நம்பித்தான் எழுபது வயதுக்கு மேல் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அன்றைக்குப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் சிக்னலுக்கே டவர் என்றுதான் பெயர். "டவர் கெடைக்கல", "ஒரு பாயிண்ட் டவர்தான் காட்டுது" என்கிறோம். வீட்டுக்குள் டவர் இல்லை என்று அலுத்துக்கொள்ளும் அதே வாயால்தான் தெருவில் டவர் வேண்டாம் என்கிறோம். இரண்டும் ஒரே சொல், ஒரே பொருள் என்பது நமக்கு உறைப்பதில்லை.

தமிழ்நாட்டில் எந்த ஊரில் டவர் வந்தாலும் ஏறக்குறைய இதே மனுதான் போகிறது. குடியிருப்புப் பகுதியில் டவர் இருந்தால் கேன்சர் வரும், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது, சிட்டுக்குருவி அழியும், ஆகவே ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கட்டும். சரி, அப்புறம் வீட்டுக்குள் சிக்னல் எப்படி வரும் என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஆன்லைனில் பூஸ்டர் விற்கிறான், வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டு பேச்சும் தவறு. எதற்குப் பயந்து டவரைத் துரத்துகிறோமோ, அதையே இந்த இரண்டும் சேர்ந்து நம் காதோரம் கொண்டுவந்து வைக்கின்றன.

எப்படி என்று சொல்கிறேன். டவர் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் பேசுவதும் டவருக்குக் கேட்க வேண்டும். நாம் காதில் வைத்திருப்பது ஒரு சின்ன வானொலி நிலையம். டவர் அருகில் இருந்தால் போன் கிசுகிசுத்தாலே போதும். தூரத்தில் இருந்தாலோ, நடுவில் சுவர்கள் நின்றாலோ, தொண்டை கிழியக் கத்தியாக வேண்டும். எவ்வளவு சத்தம் தேவை என்று டவர்தான் நொடிக்குப் பல முறை போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 4ஜி போன் ஒன்று முழு மூச்சில் கத்தினால் 0.2 வாட். பழைய 2ஜி போன்கள் 2 வாட் வரை போயின. டவருக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதே போன் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் மலை ஏறும்போது பேசாத போனிலும் சார்ஜ் கடகடவென்று இறங்குவதையும், சட்டைப்பையில் அது சுடுவதையும் பார்த்தவர்களுக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. டவர் கிடைக்காமல் போன் படும் பாடு அது.

"அதெல்லாம் சரி, டவர் எவ்வளவு பெரிசு, போன் எவ்வளவு சின்னது?" என்று கேட்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்குப் பதில் வருஷா வருஷம் கண்முன்னே எரிகிறது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலையின் உச்சியில் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிகிறது. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் எல்லாம் தெரிகிற ஜோதி. கீழே தேரடி வீதியில் நின்று கைகூப்புகிறவர் முகத்தில் அந்தச் சூடு துளியும் படுவதில்லை. அன்றைக்கே வீட்டு வாசலில் வைத்த அகல், திரியைத் தூண்டப் போன விரலைச் சுட்டுவிடும். அலையும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் வீரியம் நாலில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். டவர் நம்மிலிருந்து ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. போன் காது மடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, டவரின் ஆன்டெனா டார்ச் லைட் போலக் கிட்டத்தட்ட நேராகத் தூரம் பார்த்து வீசுகிறது, லேசாகத்தான் கீழே சாய்ந்திருக்கும். அது நிற்கும் வீட்டுக்குள்ளே விழுவது மிகக் கொஞ்சம்.

இனி கேன்சர். 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வானொலி அலைகளை "2பி" என்ற பிரிவில் வைத்தது. "புற்றுநோயை உண்டாக்கக்கூடும், சான்று போதாது" என்று அதற்கு அர்த்தம். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில் இருக்கின்றன. மனு எழுதுகிறவர்கள் 2011ஐ மேற்கோள் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த முடிவுக்கு எது அடிப்படை என்று பார்ப்பதில்லை. போனை மணிக்கணக்காகத் தலையோடு ஒட்டி வைத்துப் பேசியவர்களைப் பற்றிய, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஆய்வுகள்தான் அடிப்படை. டவருக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களை வைத்து அந்த முடிவு எடுக்கப்படவில்லை. ஆக, 2பிக்குப் பயந்தே தீருவேன் என்பவரும் பயப்பட வேண்டியது காதோரம் கத்தும் போனுக்குத்தான். அந்தக் கத்தலைக் குறைப்பதே பக்கத்து டவர்தான்.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் ஓடியது. அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளை ஆஸ்திரேலியாவின் கென் கரிபிடிஸ் தலைமையிலான குழு அலசி 2024இல் முடிவை வெளியிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் போன் பேசியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பதுதான் அந்த முடிவு. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலைக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். பங்குனி வெயிலில் உச்சி நேரத்தில் மாட வீதியில் நடந்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் வாட் நம் மேல் விழுகிறது. அதிலும் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிருக்கு உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கும் வல்லமை உண்டு. செல்போன் அலைக்கு அந்த வல்லமை கிடையாது. அதிகபட்சம் அது சூடாக்கும். அந்தச் சூட்டைத்தான் வரம்பு போட்டுத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

"கோர்ட்டே சொல்லிடுச்சே" என்று ஆசிரியர் ஐயாவும் சொன்னார். தட்டிவிட்டுப் போகக்கூடிய வாதம் இல்லை அது. 2012இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனைகளை ஒட்டிய டவர்களை அகற்றச் சொன்னது. 2017இல் குவாலியரில், புற்றுநோய் வந்த ஒரு வீட்டுப் பணியாளரின் மனு மீது, பக்கத்து வீட்டு டவரை ஏழு நாளில் நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மனிதரின் வேதனை பெரிது. நீதிபதிகள் இரங்கியதில் தவறு காண நான் யார்? ஆனால் ஒருவருக்கு நோய் வந்ததும் பக்கத்தில் டவர் இருந்ததும், அதனால்தான் இது என்று ஆகிவிடாது. டவரே இல்லாத காலத்திலும் அந்த நோய் இருந்தது, டவர் இல்லாத கிராமங்களில் இன்றும் இருக்கிறது. டவருக்கு எதிரான மனுக்களை, அறிவியல் சான்று இல்லை என்று வெவ்வேறு உயர் நீதிமன்றங்கள் பல முறை தள்ளுபடி செய்திருக்கின்றன. 2021 ஜூனில் 5ஜியை நிறுத்தக் கேட்டு நடிகை ஜூஹி சாவ்லா போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து அபராதமும் விதித்தது. நீதிமன்றத்தைக் காட்டுவதானால் எல்லா உத்தரவையும் காட்ட வேண்டும்.

குருவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2018 நவம்பரில் ஷங்கரின் "2.0" வந்தது. அக்‌ஷய் குமார் பறவை மனிதராக வந்து செல்போன்களைப் பறக்கவிட்ட படம். அதற்கு முன்பே இந்தப் பேச்சு இருந்தது, படம் வந்தபின் அது ஊர் சாட்சியாகிவிட்டது. 2020இல் வெளியான "இந்தியப் பறவைகளின் நிலை" அறிக்கை, ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் சேர்த்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துப் பார்த்துச் சொன்னது இது: நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் கடந்த இருபத்தைந்து வருஷமாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. டவரோ நாடு முழுக்க, கிராமம் வரைக்கும் போய்விட்டது. டவர்தான் எமன் என்றால் கிராமத்துக் குருவி எப்படிப் பிழைத்தது?

எங்கள் தெருவிலும் குருவி குறைந்துவிட்டது, நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் வீடு நாட்டு ஓடு போட்ட வீடு. உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் இரண்டு கூடு எப்போதும் இருக்கும். அம்மா முறத்தில் அரிசி புடைக்கும்போது நொய் சிந்தும், பொறுக்க வரும். வாசலில் மண் தரை, அதில் புழுவும் பூச்சியும் உண்டு. இன்று உத்தரம் இல்லை, முறம் பரணில் கிடக்கிறது, அரிசி கல் நீக்கிப் பாக்கெட்டில் வருகிறது, வாசலில் சிமெண்ட். குருவிக்குத் தங்க இடமும் இல்லை, தின்ன ஒரு பூச்சியும் இல்லை. இத்தனையும் நாம் செய்துவிட்டுப் பழியை ஒரு இரும்புக் கம்பத்தின் மேல் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

குருவியை விரட்டிய அந்தக் கட்டட மாற்றம்தான் சிக்னலையும் விரட்டியது. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் "மலை மறைக்குது சார்" என்பார்கள். மலை மறைப்பது உண்மைதான். கருங்கல் மலைக்குள் எந்த அலையும் புகுந்து வராது. ஊருக்குள் கிழக்கே இருக்கிற டவர், மலைக்குப் பின்னால் ஆதி அண்ணாமலைப் பக்கம் இருப்பவருக்கு உதவாது. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். மற்ற ஊர்களில் குன்றின் தலையில் ஒரு டவரை நட்டுச் சுற்றுவட்டாரத்துக்கே சிக்னல் தருவார்கள். மலையையே சிவன் என்று கும்பிடுகிற ஊரில் அதை யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் கூடாது. 217 அடி ராஜகோபுரத்துக்குப் போட்டியாக இன்னொரு இரும்புக் கோபுரமும் இங்கே எழும்பக் கூடாது. அப்படியானால் மிஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான். உயரம் குறைந்த, சக்தி குறைந்த, எண்ணிக்கையில் அதிகமான சின்ன ஆன்டெனாக்கள் தெருவுக்குத் தெரு, மலையைச் சுற்றி நாலு பக்கமும் வர வேண்டும். ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொல்வது வேறு ஊருக்கு ஒருவேளை பொருந்தலாம். இங்கே சுத்தமாகப் பொருந்தாது.

ஊருக்கு நடுவில், மலை மறைக்காத வீடுகளிலும் உள்ளே சிக்னல் இல்லையே, அது எதனால்? மனு வந்த அன்று சாயங்காலம் என் போனில் செட்டிங்ஸைத் திறந்து, சிக்னல் அளவைக் காட்டும் இடத்துக்குப் போனேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இது இருக்கும். மைனஸ் போட்டு டிபிஎம் என்று ஒரு எண் வரும். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம். மூன்று கூடினால் பாதியாகிவிட்டது என்று கணக்கு, பத்து கூடினால் பத்தில் ஒன்று. மொட்டை மாடியில் மைனஸ் 82 காட்டியது. படியிறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே 90. கூடத்தில் 101. அடுப்படிக்குள் போய் அம்மா பக்கத்தில் நின்றபோது 113. ஒரே வீடு, முப்பது அடி நடை. மாடிக்கும் அடுப்படிக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். மலை என் அடுப்படிக்குள் வந்து நிற்கவில்லை. நடுவில் இருந்தது நான் கடன் வாங்கிப் போட்ட கம்பி கட்டிய ரூஃப் கான்கிரீட், இரண்டு ஒன்பது அங்குலச் சுவர், ஒரு இரும்புக் கதவு.

நாட்டு ஓடும் மரமும் அலையை அவ்வளவாகத் தடுக்காது. கான்கிரீட் தடுக்கும், மழையில் ஊறிய கான்கிரீட் இன்னும் தடுக்கும். எல்லாவற்றையும் விட மோசம் உலோகம். இந்தப் பத்து வருஷத்தில் எங்கள் ஊர் மாடிகளில் வந்த பெரிய மாற்றம் ஷீட். வெயில் தாங்காமல் மொட்டை மாடி மேலே இரும்புக் குழாய் நட்டு வண்ணத் தகடு போட்டு மூடிவிடுகிறோம். வெயிலோடு சிக்னலும் வெளியே நின்றுவிடுகிறது. கிரிவலத்துக்கு வருகிறவர்களை நம்பித் தெருவுக்கு நாலு லாட்ஜ் எழும்பியிருக்கிறது. முகப்பில் வெள்ளி மாதிரி மின்னும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் மேல் பூச்சு உலோகம்தான். ஒரு நாலு மாடி லாட்ஜ் வந்தால் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பத்து வீடுகளுக்கு டவர் மறைந்துபோகிறது. அவர்கள் கம்பெனிக்காரனைத் திட்டுகிறார்கள், மலையைச் சொல்கிறார்கள். லாட்ஜ் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வரைபடத்தில் காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் பார்க்கிறோம், தண்ணீர்க் குழாய்க்கு இடம் விடுகிறோம். அலை உள்ளே வர எது வழி என்று ஒரு மேஸ்திரியும் ஒரு இன்ஜினியரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதற்காகவே கட்டடங்களுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்தது. அது நம் தெருவுக்கு வந்து சேர நாளாகும்.

இந்த இடத்தில்தான் பூஸ்டர் நுழைகிறது. மாடியில் ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி, சுவரில் இன்னொரு ஆன்டெனா. சில ஆயிரம் ரூபாய். "நம்ம காசு, நம்ம வீடு, இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். நஷ்டம் பக்கத்து வீட்டுக்காரருக்கு. மலிவான பூஸ்டர் நம் குரலை மட்டும் பெருக்குவதில்லை, தன் காதில் விழும் எல்லா இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரை நோக்கி அடிக்கிறது. மாடி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டுவிட்டால், மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிரே வைத்தால் "கீ" என்று கத்துமே, அப்படிக் கத்தத் தொடங்கும். அந்தக் கூச்சலில் தூரத்திலிருந்து மெல்லப் பேசும் போன்களின் குரல் டவருக்குக் கேட்காமல் போகும். ஒரு வீட்டுக் கூடத்தில் சிக்னல் வர, ஒரு தெருவே ஊமையாகும். தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது: உரிமம் பெற்ற நிறுவனங்கள் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். ஆனாலும் ஆன்லைனில் படம் போட்டு விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். தெருவில் கண்காணிப்போடு, கணக்கோடு வரும் டவரை வேண்டாம் என்று துரத்திவிட்டு, அளவும் கணக்கும் இல்லாத ஒரு அலைபரப்பியைப் பிள்ளைகள் படுத்துறங்கும் அறைச் சுவரில் மாட்டுகிறோம்.

பூஸ்டர் இதற்கு வழியில்லை என்பது பௌர்ணமி இரவில் இன்னும் நன்றாகத் தெரியும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். "டவர் ஃபுல்லா காட்டுது, கால்தான் போகல" என்று ஈசான்ய லிங்கத்தருகே பிரிந்துபோன குடும்பங்கள் தவிப்பதை ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது சிக்னல் குறைவால் வருவதில்லை, இடநெருக்கடியால் வருவது. ஒரு டவர் ஒரு நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் காது கொடுக்க முடியும். ஆயிரம் பூஸ்டர் மாட்டினாலும் அந்தக் காது பெரிதாகாது. இன்னும் பல காதுகள் வேண்டும், அதாவது இன்னும் பல டவர்கள் வேண்டும்.

வீட்டுக்குள் உடனே செய்யக்கூடியது எதுவும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால் அழைப்பு டவரைத் தேடாமல் ரூட்டர் வழியே போய்விடும். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் இதைக் கொண்டுவந்தன, தனிக் கட்டணம் கிடையாது. என் அம்மா இப்போது அடுப்படியில் நின்றே தங்கையோடு பேசுகிறார். முன்பெல்லாம் போனை ஒரு கேரி பேக்கில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருப்பார், மணி அடித்தால் ஜன்னலில் முகத்தை வைத்துப் பேசுவார். இரண்டு சிம் போடும் போனில் இரண்டாவது சிம்மை உங்கள் வீட்டில் எந்தக் கம்பெனி நன்றாக எடுக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பேசும்போது காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டால் பயமுள்ளவர்களுக்கு அந்தப் பயமும் குறையும். ஆனால் ஃபைபருக்கு மாதம் ஐந்நூறு, அறுநூறு கட்ட முடியாத வீடுகள் நம் ஊரில்தான் இருக்கின்றன. கரண்ட் போனால் ரூட்டரும் செத்துவிடும். புயல் நாளில் முதலில் போவது கரண்ட்தான்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தச் செய்தியை நினைக்காமல் மலையடிவாரத்தில் ஒரு மழை இரவும் எனக்குக் கழிவதில்லை. அடிவாரத்தில் தகரம் போட்ட வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, நடுராத்திரியில் மண் சரியும் சத்தம் கேட்டால், 108ஐக் கூப்பிட வெளியே ஓடி வந்து கையை உயர்த்திச் சிக்னல் தேடும் நிலைமை இருக்கக் கூடாது. டவர் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிற நாம் பெரும்பாலும் மாடி வீட்டுக்காரர்கள், வைஃபை உள்ளவர்கள். நம் கையெழுத்தின் விலையைக் கொடுக்கிறவள் அவள்.

கம்பெனிகளை நம்பிவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. டவர் விஷயத்தில் சண்டை போட வேண்டிய நியாயங்கள் நிறைய இருக்கின்றன, அதையெல்லாம் கேன்சர் பேச்சு விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் கோபம். நாற்பது வருஷத்துக் கட்டடத்தின் மேல் டன் கணக்கில் இரும்பை ஏற்றுகிறார்களே, அந்தக் கட்டடம் தாங்கும் என்று சான்று கொடுத்தது யார்? டீசல் ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க ஓடினால் அந்தப் புகை யார் வீட்டு ஜன்னலுக்குள் போகிறது? அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று மலை போலக் குவிந்திருக்கிறது. டீசல் புகையை அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் பிரிவில், நிச்சயமாகப் புற்றுநோய் உண்டாக்குவது என்று, வைத்துவிட்டது. டவரின் ஆன்டெனாவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதன் காலடியில் புகை விடும் ஜெனரேட்டரைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். அலை அளவில் சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. "தரங் சஞ்சார்" என்ற அரசுத் தளம் 2017இல் தொடங்கப்பட்டது. எந்த டவர் விதிக்கு உட்பட்டிருக்கிறது என்று அதில் பார்க்கலாம், 4,000 ரூபாய் கட்டினால் வீட்டுக்கே வந்து அளந்து காட்டும் ஏற்பாட்டோடுதான் அது வந்தது. ஐம்பது வீடு சேர்ந்தால் வீட்டுக்கு எண்பது ரூபாய்.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். வரும் திங்கட்கிழமை நானும் ஒரு மனு கொண்டுபோகிறேன். எங்கள் தெருவுக்கு டவர் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறேன். கட்டடத்தின் உறுதிக்குச் சான்று காட்டிய பிறகே வர வேண்டும், ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரி வைக்க வேண்டும், கோயிலைச் சுற்றிய வீதிகளில் பெரிய கோபுரம் இல்லாமல் விளக்குக் கம்பத்திலேயே பொருத்தும் சின்ன ஆன்டெனாக்கள் வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை அலையை அளந்து அந்த எண்ணைத் தெரு முனையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும், மலைக்குப் பின்பக்கத்துக் கிராமங்களுக்கு முதலில் வேண்டும்.

நேற்று அதை ஆசிரியர் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பேனாவை எடுத்து ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார். "ஜெனரேட்டர் விஷயத்த மொதல்ல போடுங்க தம்பி, அது அடியில இருக்கு" என்றார். கையெழுத்து இன்னும் போடவில்லை. ராத்திரி மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.